மாகாணி தெரிந்த மெஷின்

வாய்ப்பாடு இந்தக் காலத்துக்குத் தேவையா என்ற விவாதம் எங்கள் வீட்டில் பொங்கலுக்குப் பொங்கல் தவறாமல் நடக்கும். ஒரு கட்சி, தஞ்சாவூர்ப் பக்கம் அரிசி மில்லில் கணக்குப்பிள்ளையாக இருந்து ஓய்ந்த என் பெரியப்பா. எதிர்க்கட்சி, சோழிங்கநல்லூரில் சாஃப்ட்வேர் வேலை பார்க்கும் என் பையன். பன்னிரண்டாம் வாய்ப்பாட்டோடு நின்றுபோன தலைமுறை நான். இரண்டு தரப்பும் என்னைச் சாட்சிக்குக்கூடக் கூப்பிடுவதில்லை.

பையன் கேட்பான்: "பாக்கெட்ல கால்குலேட்டர் இருக்கு. மூளையில எதுக்கு தாத்தா இதையெல்லாம் போட்டு இடத்தை அடைக்கணும்?"

பெரியப்பா திருப்பிக் கேட்பார்: "சரிப்பா, காலியான அந்த இடத்துல இப்ப என்ன வச்சிருக்க?"

இந்த இடத்தில் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டுவிடுவார்கள்.

பெரியப்பா படித்த கணக்கு சாதாரணமானதல்ல. ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 தம்பிடி, வீசைக்கு 40 பலம், மணங்குக்கு 8 வீசை, படிக்கு 8 ஆழாக்கு, கலத்துக்கு 12 மரக்கால். ஒரு எண்ணுக்கும் இன்னொரு எண்ணுக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. இவற்றையெல்லாம் ஒன்றோடொன்று பெருக்கி வகுக்கிற கொடுமைக்காகத்தான் பதினாறாம் வாய்ப்பாடு வரை உருப்போட வைத்தார்கள். பத்துப் பத்தாக எண்ணிப் பழகிய என் பையனுக்கு இந்தப் பட்டியலைக் கேட்டாலே வியர்த்துவிடும்.

ஆனால் அதற்குள் ஒரு வித்தை இருந்தது. "புளி வீசை 3 அணா 4 தம்பிடி. 2 வீசை 15 பலம் என்ன விலை?" என்று பெரியப்பா ஒரு பொங்கலன்று கேட்டார். பையன் போனை எடுத்தான். எதை எதால் பெருக்குவது என்று போனுக்கே சொல்லத் தெரியாமல் விழித்தான். பெரியப்பா வெற்றிலையைக் கிள்ளிக்கொண்டே சொன்னார்: "3 அணா 4 தம்பிடின்னா 40 தம்பிடி. வீசைக்கு 40 பலம். அப்ப பலம் ஒரு தம்பிடி. 95 பலத்துக்கு 95 தம்பிடி. 7 அணா 11 தம்பிடி. எடுத்து வை." பெருக்கலும் இல்லை, வகுத்தலும் இல்லை. கணக்கைப் போடுவதற்கு முன்னால் அதைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார், அவ்வளவுதான். கால்குலேட்டர் உற்றுப் பார்க்காது. பட்டனை அழுத்தியதும் ஓட ஆரம்பித்துவிடும்.

இந்த அணாக் கணக்கின் தலையில் 1957-இல் கல் விழுந்தது. அரசாங்கம் ரூபாய்க்கு 100 நயா பைசா என்று மாற்றியது. அதற்கு அவர்கள் பார்த்து வைத்த நாள் ஏப்ரல் 1. விளையாட்டு என்று பலர் நினைத்திருந்தால் அவர்களைக் குறை சொல்ல முடியாது. பழைய காசும் புதுக்காசும் சில வருஷம் சேர்ந்தே புழங்கியதால், அணாவுக்கு எத்தனை நயா பைசா என்று ஓர் அட்டவணை வந்தது. சரியாகப் பார்த்தால் ஓர் அணாவுக்கு ஆறேகால். காலுக்கு எங்கே போவது? ஆகவே 1 அணாவுக்கு 6, 2 அணாவுக்கு 12, 3 அணாவுக்கு 19, 4 அணாவுக்கு 25 என்று முழுசாக்கிவிட்டார்கள்.

அப்போது மில்லில் எடுபிடியாகச் சேர்ந்திருந்த பெரியப்பாவுக்கு இந்த அட்டவணையில் ஒரு பொந்து தெரிந்தது. ஓர் அணாச் சாமான் மூன்றைச் சேர்த்து வாங்கினால் 19 நயா பைசா. தனித்தனியாக மூன்று நடை போய் வாங்கினால் 18. இப்படியே பதினாறு நடை நடந்தால் 96-இல் முடியும், ரூபாய்க்கு 4 நயா பைசா மிச்சம். முதலாளிக்கு விசுவாசமாக இதைச் செய்துகாட்டப் புறப்பட்டவரை, நாலைந்து நடைக்குள் கடைக்காரர் கடையைச் சாத்தித் திருப்பி அனுப்பிவிட்டார். கால் தேய்ந்த கணக்கை யார் எழுதுவது என்று முதலாளியும் திட்டினாராம். ஆனாலும் அட்டவணையை அச்சடித்தது யாராக இருந்தாலும் ஒருமுறை கூட்டிப் பார்த்துவிடவேண்டும் என்ற புத்தி அன்றைக்கு வந்தது என்பார்.

அந்தப் புத்தியோடுதான் அவர் கம்ப்யூட்டரையும் பார்க்கிறார். போன பொங்கலுக்கு என் பையனே வசமாக மாட்டிக்கொண்டான். மடிக்கணினியைத் திறந்து, "தாத்தா, ஒரு வேடிக்கை பாருங்க" என்று 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டச் சொன்னான். திரையில் 0.30000000000000004 என்று வந்தது. பெரியப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"கடைசியில அந்த நாலு என்னடா?"

பையன் விளக்கினான். கம்ப்யூட்டருக்குத் தெரிந்த பின்னமெல்லாம் பாதி, பாதியில் பாதி, அதிலும் பாதி. அந்த வழியில் அரை, கால், அரைக்கால், மாகாணி எல்லாம் துல்லியமாக வரும். பத்தில் ஒன்று மட்டும் எத்தனை பாதியைச் சேர்த்தாலும் முழுசாக வராது. எங்கேயாவது வெட்டித்தான் ஆகவேண்டும். வெட்டிய இடத்தில் கசிவதுதான் அந்த நாலு.

பெரியப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்ப இதுக்கு மாகாணி தெரியுது, பத்துல ஒண்ணு தெரியலை" என்றார். பிறகு தன் அப்பாவிடம் பாடம் கேட்ட எண்சுவடியை எடுத்துவிட்டார். பழைய தமிழ்க் கணக்கில் முந்திரி என்பது 320-இல் ஒரு பங்கு. பத்தில் ஒன்று 32 முந்திரி, பத்தில் இரண்டு 64 முந்திரி. கூட்டினால் 96 முந்திரி. அதாவது பத்தில் மூன்று. கசிவு, சிந்தல், நாலு எதுவும் கிடையாது. 320 என்ற எண்ணை ஆறு தடவை பாதியாக்கலாம், ஐந்தாலும் வகுக்கலாம். சந்தையில் பாதியும் காலும் கேட்கிறவன் வருவான், பத்தில் ஒரு பங்கு கேட்கிறவனும் வருவான். இரண்டு பேரையும் சமாளிக்கிற எண்ணாகப் பார்த்துத்தான் எடுத்திருக்கிறார்கள். என் பையன் முதல்முறையாக நோட்டுப் புத்தகம் தேடினான்.

இதற்காகத் தமிழன்தான் கம்ப்யூட்டரைக் கண்டுபிடித்தான் என்று கிளம்பிவிடாதீர்கள். அந்த வாட்ஸாப் செய்தி எனக்கும் வந்தது.

பையன் விடவில்லை. மெஷின் வகுத்தலில் தப்பே செய்யாது என்றான். உண்மையில் பெரிய ஆதாரம் பெரியப்பா பக்கம் இருக்கிறது, அவருக்குத்தான் தெரியாது. 1994-இல் அமெரிக்காவில் லிஞ்ச்பர்க் கல்லூரியின் கணிதப் பேராசிரியர் தாமஸ் நைஸ்லி, பகா எண்களைப் பற்றி ஒரு நீண்ட கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தார். விடை உதைத்தது. தன் தப்பா என்று பார்த்தார், நிரலின் தப்பா என்று பார்த்தார். கடைசியில் குற்றவாளி, அப்போது புத்தம் புதிதாக வந்திருந்த இன்டெல் பென்டியம் சில்லு. 4195835-ஐ 3145727-ஆல் வகுத்தால் 1.33382 வரவேண்டும். பென்டியம் 1.33373 என்றது. காரணத்தைத் தோண்டியபோது, அந்தச் சில்லு வகுப்பதற்காக உள்ளே ஒரு அட்டவணை வைத்திருந்ததும், அதன் 1,066 கட்டங்களில் ஐந்தை நிரப்பாமல் விட்டிருந்ததும் தெரிந்தது. புரிகிறதல்லவா? உலகத்தின் அதிநவீன மெஷின் வாய்ப்பாட்டை அரைகுறையாகப் படித்துவிட்டுப் பரீட்சைக்கு வந்திருந்தது. திண்ணைப் பள்ளிக்கூடமாக இருந்தால் பிரம்படியோடு போயிருக்கும். இன்டெல்லுக்கு 47.5 கோடி டாலர் போயிற்று.

2007-இல் எக்ஸெல் செய்த காரியம் இதைவிட ரசமானது. 850-ஐ 77.1-ஆல் பெருக்கச் சொன்னால், உள்ளுக்குள் 65,535 என்று சரியாகவே வைத்துக்கொண்டு வெளியே 1,00,000 என்று காட்டியது. இதைச் சொன்னபோது பெரியப்பா சிரித்தார். "எங்க முதலாளி வருமான வரிக்கு இதையே தலைகீழா செஞ்சாரு."

இப்போது கேள்வி கேட்டால் பேசுகிற மெஷின்கள் வந்துவிட்டன. 2024-இல் அவற்றில் சில, 9.9-ஐவிட 9.11 பெரியது என்று சாதித்தன. சாதித்ததோடு நிற்காமல் படிப்படியாக விளக்கமும் கொடுத்தன. தப்பை இவ்வளவு பணிவாக எடுத்துச் சொல்கிற மாணவனை எந்த வாத்தியாரும் பார்த்திருக்க மாட்டார்.

இவ்வளவும் சொன்னதால் நான் பெரியப்பா கட்சி என்று நினைக்கவேண்டாம். அவர் பழைய பள்ளிக்கூடத்தைப் புகழத் தொடங்கினால் நான் எழுந்து போய்விடுவேன். அந்தக் காலத்துத் திண்ணையில் கோதண்டம் என்று ஒரு தண்டனை இருந்தது. விட்டத்தில் கட்டிய கயிற்றில் பையனைத் தொங்கவிடுவார்கள். கணக்கு வராத குற்றத்துக்குத் தூக்குமேடை. பெண் பிள்ளைகளும் சேரிப் பிள்ளைகளும் அந்தத் திண்ணையில் பெரும்பாலும் ஏறவே முடிந்ததில்லை. எண்சுவடியின் பெருமையைப் பேசுகிற கட்டுரைகளில் இந்த இரண்டு வரியும் எப்படியோ விடுபட்டுவிடும்.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். பெரிய பையன் சின்னப் பையனுக்குச் சொல்லிக்கொடுக்கும் சட்டாம்பிள்ளை முறையும், மணலில் விரலால் எழுதிப் பழகுவதும் நல்ல ஏற்பாடுகள். சென்னை எழும்பூரில் அநாதைப் பிள்ளைகளின் பள்ளியை 1789-இல் ஏற்றுக்கொண்ட ஆண்ட்ரூ பெல், இந்த ஊர்ப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்து அதைத் தன் பள்ளிக்கும் கொண்டுவந்தார். பிறகு இங்கிலாந்துக்குப் போய், 'மெட்ராஸ் முறை' என்று பெயர் வைத்து இந்த ஏற்பாட்டைப் பரப்பினார். செலவில்லாத படிப்பு என்றால் எந்த நாட்டு அரசாங்கத்துக்கும் பிடிக்கும்.

ராமானுஜனை இரண்டு கட்சியும் இழுக்கும். காகிதம் வாங்கக் காசில்லாமல் சிலேட்டில் போட்டு அழித்தே உலகை வென்றாரே என்பார் பெரியப்பா. அவரையும் எஃப்.ஏ. என்ற கல்லூரிப் பரீட்சையில் ஃபெயிலாக்கியது உங்கள் பழைய படிப்புதானே என்பான் பையன். இரண்டும் உண்மை என்பதால் இந்த வாதம் ஒருநாளும் முடியாது.

கணக்கதிகாரம் என்ற பழைய தமிழ்க் கணக்கு நூல் விஷயத்திலும் முடிவு கிடைக்கவில்லை. பலாப்பழத்தை அறுக்காமலே சுளையை எண்ண அந்த நூலில் வழி இருக்கிறது. காம்பைச் சுற்றியுள்ள சிறு முள்ளை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்கவேண்டும். பண்ருட்டிப் பழம் ஒன்று வாங்கிச் சோதித்தோம். பெரியப்பா முள்ளை எண்ணி ஒரு தொகை சொன்னார். பழத்தை அறுத்துப் பையன் எண்ணத் தொடங்கியபோது சுளைகள் எங்களைவிட வேகமாகக் குறைந்துகொண்டே வந்தன. வீட்டில் அத்தனை பேரக்குழந்தைகள். "கொட்டையை எண்ணலாமே" என்றான் பையன். நல்ல யோசனைதான். ஆனால் அதற்குள் பாதிக் கொட்டையைப் பெரியம்மா குழம்பில் போட்டுவிட்டார். விதி சரியா தப்பா என்பது குழம்போடு போயிற்று. ஆனால் குத்துமதிப்பாக ஒரு தொகையை முதலில் மனதில் வைத்துக்கொண்டு பிறகு எண்ணுவது எவ்வளவு நல்ல பழக்கம் என்பது அன்றைக்குப் பையனுக்கே பிடித்துப்போனது. அவன் ஆபீஸிலும் ரிப்போர்ட்டைத் திறப்பதற்கு முன் அப்படித்தான் செய்கிறானாம்.

என் கட்சி இதுதான். விடை கண்டுபிடிக்க நமக்கு வாய்ப்பாடு வேண்டாம், மெஷின் கண்டுபிடித்துவிடும். விடையைப் பார்த்து "இது எப்படி?" என்று புருவத்தைத் தூக்க வாய்ப்பாடு வேண்டும். 187 ரூபாய் பில்லுக்கு 207 ரூபாய் நீட்டினால், "சில்லறை வேண்டாம் சார்" என்று ஏழு ரூபாயைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, இருநூறுக்குப் பதின்மூன்று ரூபாய் சில்லறை தேடிக் கடை முழுக்க அலைகிற தம்பியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அவர்மேல் குற்றமில்லை. இருபது ரூபாய் நோட்டு ஒன்றைக் கொடுத்தால் கதை முடிந்தது என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

ஆகவே, அடுத்த முறை கடைக்குப் போனால் பில் வருவதற்குள் மனதில் ஒரு தொகையைச் சொல்லிக்கொள்ளுங்கள். ஐந்து பத்து வித்தியாசம் வந்தால் விட்டுவிடுங்கள். நூறு இருநூறு கூட வந்தால், சண்டைக்குப் போகுமுன், பின்னால் நிற்பவரின் எண்ணெய் டின் உங்கள் கூடையில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.