கடிகையார் முதல் காமன் பூல் வரை

காஞ்சிபுரத்தில் வாத்தியாராக இருப்பதில் ஒரு வசதி உண்டு. பயிற்சி வகுப்பில் கருத்தாளர் எதைப் புதுமை என்று காட்டினாலும், அதில் பழையது ஒன்று நம் ஊரிலேயே கிடைக்கும்.

வைகுந்தப் பெருமாள் கோயிலை எடுத்துக்கொள்ளுங்கள். எட்டாம் நூற்றாண்டு. திருச்சுற்றில் நடந்தால் பல்லவர் வரலாறு வரிசையாகச் சுவரில் ஓடும். சில காட்சிகளுக்கு விளக்கமும் கல்லிலேயே வெட்டியிருக்கிறது. இதைத்தான் எங்களை ஸ்மார்ட் வகுப்பறையில் செய்யச் சொல்கிறார்கள். இங்கே கரண்ட் வேண்டாம், கேபிள் வேண்டாம். பாஸ்வேர்டு தெரிந்த ஒரே டீச்சர் மகப்பேறு விடுப்பில் போய்விடும் சிக்கலும் கிடையாது.

அங்கே ஒரு கதையை மட்டும் பிள்ளைகளுக்கு நின்று நிதானமாகச் சொல்வேன். இரண்டாம் பரமேசுவரவர்மன் வாரிசில்லாமல் இறந்துபோகிறான். ஊர்ப் பெரியவர்கள் திரண்டு இரணியவர்மனிடம் போய், எங்களுக்கு ஓர் அரசனைக் கொடுங்கள் என்று கேட்கிறார்கள். போனவர்களில் கடிகையாரும் உண்டு. கடிகை என்றால் அந்தக் காலத்துக் காஞ்சியின் பெரிய கல்விக்கூடம். ஆக, பாடத்தை நிறுத்திவிட்டு ராஜா தேடும் டியூட்டிக்குப் போயிருக்கிறார்கள்! வாக்காளர் பட்டியலோடு வெயிலில் தெருத் தெருவாக அலையும் நாங்கள் இனி முனகக் கூடாது. கற்பித்தல் அல்லாத பணிக்குக் கல்வெட்டு ஆதாரமே இருக்கிறது. இரணியவர்மனின் மூத்த பிள்ளைகள் எல்லாம் மாட்டேன் என்று ஒதுங்கிக்கொள்ள, பன்னிரண்டு வயதுக் கடைக்குட்டி மட்டும் நான் போகிறேன் என்று கிளம்புகிறான். அவன்தான் இரண்டாம் நந்திவர்மன். இந்த இடத்தில் எங்கள் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டான்: “அப்போ அவனுக்கு டீசி யார் சார் குடுத்தாங்க?”

கேள்வி சாதாரணமானதில்லை. அதே கடிகைக்கு நான்காம் நூற்றாண்டில் மயூரசர்மன் என்றொரு மாணவர் குருவோடு படிக்க வந்தார். பல்லவக் குதிரைவீரன் ஒருவனோடு தகராறு. கோபித்துக்கொண்டு போனவர் கத்தியெடுத்துக் கடம்ப அரசையே நிறுவிவிட்டார். கர்நாடகத்தில் தாளகுண்டா கல்வெட்டு இதைச் சொல்கிறது. இன்றாக இருந்தால், பள்ளிக்கல்வித் துறையின் எமிஸ் தளத்தில், பள்ளியை விட்டுப் போனவர்களுக்கான ‘காமன் பூல்’ பக்கம் அவரைத் தள்ளிவிட்டு, வகுப்பாசிரியர் வீட்டுக்குப் போய் அழைத்துவர வேண்டும். அவர் தலைநகரான பனவாசி வரைக்கும் பயணப்படி தருவார்களா என்பது வேறு கேள்வி.

நம் காலத்துக்கு வருவோம். நாற்பது ஆண்டுக்கு ஒருமுறை கோயில் குளத்திலிருந்து வெளியே வரும் அத்திவரதர், 2019-இல் ஜூலை 1 முதல் 48 நாள் காட்சி தந்துவிட்டு ஆகஸ்ட் 17-இல் குளத்துக்குள் போனார். ஆகஸ்ட் 26-இல் கல்வித் தொலைக்காட்சி வந்தது. அவர் இனி 2059-இல்தான் வருவார். கல்வித் தொழில்நுட்பத்துக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை வேறு பெயரில் எழுந்தருளிவிடும். செயல்வழிக் கற்றல் என்று ஏணியும் அட்டையும் வந்தன, 2011-இல் மாணவர்களுக்கு லேப்டாப், 2018-இல் பாடநூலில் க்யூஆர் கோடு, 2023-இல் மணற்கேணி செயலி. க்யூஆர் கோட்டைக் காட்டியபோது ஓர் அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்துக்கொண்டே, “எவ்ளோ சார் கட்டணும்?” என்றார். எதுவும் கட்ட வேண்டாம் என்று நம்பவைக்கத்தான் நேரம் பிடித்தது.

குறை சொல்லவில்லை. கொரோனா காலத்தில் கல்வித் தொலைக்காட்சி செய்த வேலையை நானே கண்டேன். பிள்ளையார்பாளையத்தில் பல வீடுகளில் தறியும் டிவியும் ஒரே கூடத்தில்தான். பையன் பாடத்தை ஓடவிட்டுத் தூங்கியிருக்கிறான். அப்பா தறிக்குழியில் கால் மிதித்தபடி முழுப் பாடத்தையும் கேட்டிருக்கிறார். பள்ளி திறந்ததும் நோட்டோடு வந்துவிட்டார். “சார், ஒளிச்சேர்க்கைல ஆக்சிஜன் தண்ணியிலேர்ந்துதானே வருது? இவன் கார்பன் டை ஆக்சைடுலேர்ந்துன்னு எழுதியிருக்கான், நீங்களும் டிக் போட்டிருக்கீங்க.” டிக் போட்டவர் பக்கத்து வகுப்பு ஆசிரியர் என்பதால் தைரியமாகத் தலையாட்டினேன்.

இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குக் கணினி சொல்லிக்கொடுப்பது சங்கடமான காரியம். ஒரு பயிற்சியில் பூஜ்யம், ஒன்று என்று அரை நாள் எங்களுக்கு விளக்கினார்கள். மறுநாள் அதை வகுப்பில் இறக்கினேன். துளை இருந்தால் இழை தூக்கும், இல்லாவிட்டால் தூக்காது. ஜக்கார்டு பெட்டியடியில் வளர்ந்தவர்களுக்கு இதில் என்ன புதிது? பிரான்சில் 1804-இல் ஜக்கார்டு செய்த அந்த அட்டையைப் பார்த்துத்தான் பாபேஜ் தன் கணிப்பொறிக்கு அட்டை யோசித்தார் என்றேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் சொன்னாள்: “எங்க வீட்டுல ஒரு அட்டை மாறிப்போயி அன்னத்துக்குக் கழுத்தே வரல சார். அப்பா ராத்திரி முழுக்க அட்டையத்தான் தேடுனாரு.” மென்பொருள் கம்பெனிகளில் இந்த ராத்திரி வேலைக்குச் சம்பளம் அதிகம் என்றேன். அவள் நம்பவில்லை.

புத்தகம் இனிப் பள்ளிக்கு வேண்டாம், சினிமாவே போதும் என்று எடிசன் 1913-இல் ஆரூடம் சொன்னார். ஜூன் மாதத்தில் விலையில்லாப் புத்தகக் கட்டுகளை லாரியிலிருந்து இறக்கும்போதெல்லாம் அவரை நினைத்துக்கொள்வேன். முதுகு வலிக்கும்போது கொஞ்சம் ஆதரிக்கவும் தோன்றும். எனக்கு ஒரே ஒரு வருத்தம். வேலையைக் குறைக்கத்தான் ஒவ்வொரு கருவியும் வருகிறது. ஆனால் பழைய வேலையைக் கூட்டிக்கொண்டு போவதில்லை. வருகையைச் செயலியில் ஏற்றுகிறோம், சர்வர் சுற்றினால் எதற்கும் இருக்கட்டும் என்று ரெஜிஸ்டரிலும் எழுதுகிறோம், இரண்டையும் செய்தோம் என்பதற்குப் போட்டோ எடுத்துக் குழுவிலும் போடுகிறோம்.

நேற்றுக் குழுவில் புதிய செய்தி வந்தது: செயற்கை நுண்ணறிவுப் பயிற்சி, லேப்டாப், சார்ஜர், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கொண்டுவரவும். செயற்கை நுண்ணறிவு ஆசிரியர் வேலையைப் பறித்துவிடுமா என்று உலகமே கவலைப்படுகிறதே, நம்மவர்கள் என்ன சொல்கிறார்கள் பார்ப்போம் என்று திறந்தேன். முதல் பதில், “மதியம் சாப்பாடு உண்டா?” இரண்டாவது, “ஆன் டியூட்டி உண்டா?” மூன்றாவதாகத் தமிழாசிரியர் கேட்டிருந்தார்: “தேர்தல் டியூட்டிக்கு அதை அனுப்ப முடியுமா?”