கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும்: அயல்நாட்டுத் துணிக்கடையில் ஓர் உக்கடம் குடும்பம்

வெளிநாட்டுக்குப் போகும் கொங்குக் குடும்பம் அங்கே எதைப் பார்க்கிறது என்று அறிஞர்கள் கேட்டு வந்திருக்கிறார்கள். கேள்வியே தப்பு. அது பார்ப்பதில்லை, தொடுகிறது. இதுவே இந்தக் கட்டுரையின் கருதுகோள். களம் சிங்கப்பூர். காலம் கோடை விடுமுறையில் ஐந்து நாள். மாதிரி நான்கு பேர்: ஆய்வாளராகிய நான், மனைவி, பிளஸ் ஒன் முடித்த மகன், நான் அத்தை என்று கூப்பிடும் மாமியார். நாலு பேரை வைத்துக்கொண்டு முடிவுக்கு வரலாமா என்று புள்ளியியல்காரர்கள் கேட்பார்கள். அவர்கள் எங்கள் அத்தையைப் பார்த்ததில்லை.

முந்தைய ஆய்வு என்று தேடினால் ஒன்றே ஒன்றுதான் தேறுகிறது. சிலப்பதிகாரத்து ஊர்காண் காதையில் கோவலன் மதுரைக் கடைத்தெருக்களைச் சுற்றிப் பார்க்கிறான். மணி, பொன், கூலம் என்று விற்கும் வீதிகளுக்கு நடுவே அறுவை வீதிக்கும் போகிறான். அறுவை என்றால் துணி. (அந்தச் சொல்லுக்கு இன்றைய பொருள் எப்படி வந்தது என்பதில் எனக்கொரு கருத்து உண்டு. துணிக்கடை வாசலில் இரண்டு மணி நேரம் பை பிடித்துக்கொண்டு நின்ற கணவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை.) சோழநாட்டான் பாண்டிய நாட்டில் நடத்திய இந்தக் களப்பணியில் ஒரு குறை உண்டு. கண்ணகியைக் கவுந்தியடிகளிடம் விட்டுவிட்டு அவன் தனியாகப் போனான். அதனால்தான் ஒரு முழம் துணிகூட வாங்காமல் ஊரைச் சுற்றிவர முடிந்தது. குடும்பத்தோடு போகிறவனுக்கு அந்தத் தரவு உதவாது.

ஒப்பீட்டுக்கு உள்ளூர் மாதிரி வேண்டுமல்லவா? கோவையில் எங்கள் உக்கடம் பெரியகுளக் கரையில் சாயங்காலம் நடப்பவர்களை எடுத்துக்கொண்டேன். அங்கே பெண்கள் சேலைக்குக் கீழே ஸ்போர்ட்ஸ் ஷூ போட்டு நடக்கிறார்கள். சிங்கப்பூரில் இது தலைகீழ். ஆர்ச்சர்ட் ரோட்டில் கண்ணாடி மாளிகை மாதிரியான கடைக்குள் அரைக்கால் டவுசரும் ரப்பர் செருப்புமாக ஆள் போகிறார், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பூமத்திய ரேகைக்கு ஒன்றேகால் டிகிரி வடக்கே இருக்கும் ஊர் அது. குளிர்காலம் என்பதே கிடையாது. ஆனாலும் கடையில் கம்பளிச் சட்டை விற்கிறது. ஏசிக்கு அஞ்சி ஆபீஸ் பெண்கள் மேலே ஒரு ஸ்வெட்டர் போட்டிருக்கிறார்கள். "வெளிய வேகுது, உள்ள வெறைக்குது. அப்புறம் என்னத்தப் போடுவாங்க, பாவம்" என்று அத்தை பதிவு செய்தார்.

இனி மையப் பொருளுக்கு வருவோம். துணியைக் கண்டதும் கை நீளும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே அதன் ஓரம் அகப்படும். மூன்று முறை உரசும். பிறகு மடிப்பைத் திருப்பித் தையல் பார்க்கும். நிறம், வெட்டு, யார் போட்டால் எடுப்பாக இருக்கும் என்பதெல்லாம் அப்புறம் வந்தால் வரும்.

இதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1888இல் ஸ்டேன்ஸ் துரை கோவையில் முதல் நூற்பாலையை வைத்தார். 1930களில் பைக்காரா மின்சாரம் வந்ததும் மில்கள் மளமளவென்று பெருகின. இதையெல்லாம் ஆராய்வதற்கென்றே 1956இல் சிட்ரா என்ற ஜவுளி ஆராய்ச்சி நிலையம் வந்தது. அத்தையோ அப்படிப்பட்ட ஒரு மில்லில் வைண்டிங் பிரிவில் இருபத்திரண்டு வருஷம் நின்றவர். 840 கஜம் நீளமுள்ள சிட்டங்கள் ஒரு பவுண்டுக்கு எத்தனை நிற்குமோ அதுதான் நூலின் நம்பர்; நம்பர் ஏற ஏற நூல் மெலியும். இந்தக் கணக்கு எனக்குப் புத்தகத்தில் இருக்கிறது, அவருக்கு விரலில் இருக்கிறது.

விரலுக்குக் கடை, தெரு என்ற எல்லை கிடையாது என்பது மூன்றாம் நாள் எம்.ஆர்.டி. ரயிலில் தெரிந்தது. பக்கத்தில் ஒரு சீனப் பாட்டி நின்றிருந்தார். பூப்போட்ட தொளதொள சட்டை, அதே துணியில் கால்சட்டை. நான் தடுப்பதற்குள் அத்தையின் இரண்டு விரல்கள் அந்தச் சட்டையின் கைப்பகுதியைப் பிடித்துவிட்டன. மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மகன் அடுத்த பெட்டியைப் பார்த்து நடந்தான். சீனப் பாட்டி குனிந்து விரல்களைப் பார்த்தார். பிறகு அவரும் கையை நீட்டி அத்தையின் முந்தானையைப் பிடித்து அதே மாதிரி மூன்று முறை உரசினார். இருவரும் தலையாட்டிக்கொண்டார்கள். அடுத்த நிறுத்தத்தில் அவர் இறங்கிப் போய்விட்டார். "ரேயானு" என்றார் அத்தை. நூலிழையின் பொதுமொழி பற்றித் தனிக் கட்டுரை எழுதுமளவுக்கு இதில் விஷயம் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை மதியம் சுல்தான் பள்ளிவாசல் பக்கம் போனோம். மலாய்க்காரர்கள் கட்டம் போட்ட கைலியில் தொழுகைக்கு வந்துகொண்டிருந்தார்கள். கோட்டைமேட்டை ஒட்டிக் குடியிருப்பவனுக்கு இதில் என்ன புதுமை என்று நோட்டை மூடப் போனேன். எதற்கும் இருக்கட்டும் என்று அரபு வீதிக் கடையில் பெயர் கேட்டேன். கைன் பெலிகாட் என்றார்கள். கைன் என்றால் மலாயில் துணி. பெலிகாட் வேறெதுவும் இல்லை, நம் பழவேற்காடு. வெள்ளைக்காரன் வாயில் புலிகாட் ஆகி, கப்பலேறி, மலாய் வாயில் இப்படி நிலைத்துவிட்டது. அயல்நாட்டு உடை என்ற தலைப்பில் நான் ஆசையாகக் குறித்துவைத்தது திருவள்ளூர் மாவட்டத்துச் சரக்கு.

விலை பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். டாலருக்கு 65 என்று வைத்துக்கொண்டு மனைவி எல்லாவற்றையும் பெருக்கினாள். பெருக்கியதும் பசி அடங்கியது. 1971இல் கேம்பல் லேனில் சின்னத் துணிக்கடையாகத் தொடங்கிய முஸ்தபாவில் மட்டும் பெருக்கல் கொஞ்சம் தளர்ந்து, கோடாலித் தைலம் பன்னிரண்டு பாட்டில் வாங்கினோம். உக்கடத்தில் பன்னிரண்டு வீடுகளுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

மகன் மட்டும் ஆர்ச்சர்ட் ரோட்டில் ஒரு டி-சர்ட் எடுத்தான். 29 டாலர் 90 காசு. அறைக்கு வந்ததும் அத்தை கேட்டு வாங்கினார். மூன்று உரசல். தையலைத் திருப்பினார்.

"நம்ம திருப்பூருச் சரக்குங் மாப்பிள்ளை. முப்பதாம் நம்பர் நூலு. நூத்தறுவது ஜி.எஸ்.எம். வரும்."

"துணியப் பாக்காதீங்க அம்மாயி, கட்டிங்கப் பாருங்க" என்றான் மகன்.

லேபிளைப் பார்த்தேன். இந்தியாவில் தயாரித்தது என்று மட்டும் இருந்தது. நாட்டின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் திருப்பூரிலிருந்து போவதால், அத்தை சொன்ன ஊரைக் குருட்டு யூகம் என்று தள்ள முடியாது. ஆனால் 160? ஜி.எஸ்.எம். என்பது ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்ற கணக்கு. அதைச் சோதிக்கக் கருவி உண்டு. திருப்பூரில் அத்தையின் தம்பி நிட்டிங் வைத்திருக்கிறார், அவரிடம் ஜி.எஸ்.எம். கட்டர் இருக்கிறது. துணியில் 100 சதுர சென்டிமீட்டருக்கு வட்டமாக ஒரு துண்டு வெட்டி, கிராமில் எடை போட்டு, நூறால் பெருக்கினால் தீர்ந்தது. பெருக்க மனைவி தயார். உக்கடத்திலிருந்து ஐம்பது சொச்சம் கிலோமீட்டர்தான்.

மகன் பீரோவைப் பூட்டிச் சாவியைத் தன்னிடம் வைத்துக்கொண்டான். ஆகவே 160 என்பது, மேற்படி இரண்டு விரல்களின் வாக்குமூலமாகவே இங்கே பதிவு செய்யப்படுகிறது.