ஆ காட்டு கண்ணு!

மார்ச் 20 உலக வாய் நல நாள். பள்ளியில் பேனர் கட்டுவார்கள். பேனரில் இருப்பவர்களுக்கெல்லாம் பல் பளிச்சென்று தெரியும். கும்மிடிப்பூண்டிப் பிள்ளைகள் கீழே வரிசையில் நிற்கும். "ஆ காட்டு கண்ணு." டார்ச் அடிப்பார்கள். நோட்டில் எழுதுவார்கள். "ஈறு வீங்கியிருக்கு. அம்மாவைக் கூட்டிட்டு வந்து ஆஸ்பத்திரியில காட்டு."

அம்மா சிப்காட் தொழிற்பேட்டையில் ஷிப்டில் நிற்கிறாள். ஒரு நாள் போகாவிட்டால் ஒரு நாள் கூலி போச்சு. அப்பா இரும்பு ஆலையில் ராத்திரி ஷிப்ட் முடித்துவிட்டுச் சுருண்டு கிடக்கிறார். பிள்ளையை யார் கூட்டிப்போவது, பேனரா?

எண்ணுவதில் நம்மை மிஞ்ச ஆளில்லை. 2002-03இல் நாடு முழுக்க வாயைத் திறக்கச் சொல்லி எண்ணினார்கள். 12 வயதுப் பிள்ளைகளில் 57 சதவீதத்துக்கு ஈறு நோய். 15 வயதில் 67.7. தசமப் புள்ளி வரைக்கும் சுத்தம், வாயைத் தவிர. அன்று ஆ காட்டிய பிள்ளைக்கு இன்று முப்பது தாண்டிவிட்டது. அதன் பிள்ளை இப்போது வரிசையில் நிற்கிறது.

இதற்கு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஆள் வர வேண்டாம். பல்லில் படிகிற அழுக்கை அன்றன்றே தேய்த்து எடுத்தால் ஈறு பிழைத்துக்கொள்ளும். ஒரு பிரஷ், ஒரு பட்டாணி அளவு பேஸ்ட். எம்.ஜி.ஆருக்கு இது புரிந்திருந்தது. சத்துணவு போட்டார், கூடவே பல்பொடியும் கொடுத்தார். சாப்பிடுகிற வாயைக் கழுவவும் வேண்டுமே என்ற சாதாரணக் கணக்கு. பிறகு நாம் முன்னேறிவிட்டோம். 2006இல் கலர் டிவி. 2011இல் மிக்ஸி. மிக்ஸியை நான் குறை சொல்லமாட்டேன். பல் போனபிறகு அரைத்துக் குடிக்க உதவும்.

பல்லை அரசு அடியோடு மறந்துவிட்டது என்றும் சொல்லக்கூடாது. 2017இல் ஜிஎஸ்டி வந்ததும் பேஸ்டுக்கும் பிரஷுக்கும் 18 சதவீதம் போட்டார்கள். டெல்லிக்குப் பாதி, சென்னைக்குப் பாதி. மற்ற எல்லாவற்றுக்கும் அடித்துக்கொள்கிறவர்கள் இதில் மட்டும் அண்ணன் தம்பி மாதிரி பங்கு பிரித்துக்கொண்டார்கள். 2025 செப்டம்பரில்தான் அது 5 சதவீதமாக இறங்கியது. எட்டு வருடம், பல் துலக்காத பிள்ளைதான் வீட்டுக்கு லாபம்.

இனி அதே வாய்க்குள் போகிற குட்காவுக்கு வருவோம். பள்ளியிலிருந்து நூறு கெஜத்துக்குள் புகையிலை விற்கக்கூடாது என்று 2003லேயே சட்டம் இருக்கிறது. 2013இல் குட்காவுக்கே தடை. 2016இல் வருமான வரிக்காரர்கள் சென்னைக் குட்கா வியாபாரிகளிடம் சோதனை போட்டார்கள். யாருக்கு எவ்வளவு கொடுத்தோம் என்று எழுதிய டைரி கிடைத்ததாகச் செய்தி வந்தது. தடை செய்த சரக்குக்கு எவ்வளவு ஒழுங்கான கணக்கு! 2017இல் எதிர்க்கட்சி எம்எல்ஏக்கள் பொட்டலத்தைச் சட்டசபைக்கே கொண்டுவந்து காட்டினார்கள். உரிமை மீறல் நோட்டீஸ் பறந்தது. விற்றவனுக்கு இல்லை. காட்டியவர்களுக்கு.

காட்டியவர்கள் 2021இல் ஆட்சிக்கு வந்தார்கள். 2024இல், பள்ளிப் பிள்ளைகள் கையில் கூல் லிப் என்ற புகையிலைப் பொட்டலம் புழங்குவதைப் பார்த்து உயர் நீதிமன்ற மதுரைக் கிளை கவலைப்பட வேண்டியிருந்தது. கூல் லிப்பை எங்கே வைப்பார்கள் தெரியுமா? உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவில்.

டாக்டர்கள் டார்ச் அடித்துத் தேடுகிற அதே இடத்தில்தான். 2013இல் தொடங்கிய மத்தியத் திட்டப்படி மருத்துவக் குழு பள்ளிக்கு வருவது வருடத்துக்கு ஒரு முறை. பொட்டலம் தினமும் வருகிறது. இடைவேளை மணிக்குச் சரியாக.