மேர்சனும் பனங்கள்ளும்

கேள்வி: ஜேர்மனியரின் இலையுதிர்கால மேர்சன் பியரை ருசித்துத் தரம் சொல்வதுபோல, நம் பனங்கள்ளுக்கும் சொல்லலாமா?
– வாசகர், இலங்கைத்துறை

பதில்: தாராளமாக. கையில் மணிக்கூடு மட்டும் வேண்டும்! மேர்சன் மார்ச்சில் வடித்து, குளிர்ந்த நிலவறையில் மாதக்கணக்காகத் தூங்கி எழும்பும் பியர். 1553இல் பவேரியாவில் கோடைக்கால வடிப்புக்குத் தடை வந்ததும் இந்த வழக்கம் வேரூன்றியது. செம்பொன் நிறம், வாட்டிய பாணின் மணம், தித்திக்காத முடிவு இருந்தால் அது தேறிவிடும்.

கள்ளுக்குத் தூக்கமே கிடையாது; முட்டியிலேயே நொதிக்கத் தொடங்கிவிடும். காலையில் இறக்கியது பால் நிறத்தில், மெல்லிய நுரையோடு, நுனிநாக்கில் சுரீரென்று ஏற வேண்டும். மூக்கில் வினாகிரி அடித்தால் நேரம் கடந்துவிட்டது. வெறும் இனிப்பென்றால் முட்டியில் சுண்ணாம்பு தடவியிருக்கிறார்கள், அது கருப்பநீர். என் முழுப் புள்ளியும் முட்டியைத் துப்புரவாக வைத்திருக்கும் சீவல் தொழிலாளிக்கே.