தாலியைப் பார்த்துப் பிற, பிள்ளாய்!

கருவில் இருக்கும் பிள்ளாய், இந்தியாவில் ஓர் இந்துத் தகப்பனுக்குப் பிறக்கப்போகிறாய் என்றால் அவசரப்படாதே. அவன் உன் அம்மாவுக்குத் தாலி கட்டினானா என்று முதலில் விசாரி.

மூத்தவள் உயிரோடு இருக்கும்போதே திருட்டுத்தனமாகக் கட்டியதா? பேஷ்! அது ஏழாண்டு வரை உள்ளே தள்ளக்கூடிய குற்றம்; கல்யாணமும் செல்லாது. ஆனால் நீ செல்லுவாய். இந்துத் திருமணச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, 1976 திருத்தத்துக்குப் பிறகு, உன்னை மடியில் தூக்கி வைத்துக்கொள்கிறது. கூட்டுக்குடும்பச் சொத்தில் அப்பனுக்கு விழும் பங்கிலும் உனக்கு உரிமை உண்டு என்று 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ரேவணசித்தப்பா வழக்கு. 2011இல் பெரிய அமர்வுக்குப் போன கேள்விக்கு வந்த பதில் அது. கேள்வி போன அன்று பிறந்த பிள்ளை பதில் வருவதற்குள் ஏழாம் வகுப்புக்குப் போயிருக்கும்.

சரி, தாலியே ஏறவில்லையா? கட்டிக்கொள்கிறேன் என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தவன், நீ வயிற்றில் வந்ததும் பஸ் ஏறிவிட்டானா? போச்சு. சடங்கு இல்லை, ஆகவே 16ஆம் பிரிவும் இல்லை. 1956 வாரிசுரிமைச் சட்டப்படி நீ அம்மாவுக்கு உறவு; அப்பனுக்கு இல்லை. அவன் உயில் எழுதாமல் செத்தால் அவன் வீட்டுத் திண்ணைகூட உனக்கில்லை. மரபணுச் சோதனையில் அவன்தான் என்று நிரூபித்தாலும் கிடைப்பது ஜீவனாம்சம். அதுவும் பொதுவாக மைனராக இருக்கும்வரை. பதினெட்டு முடிந்தால் ரத்தம் காலாவதி!

ஆக, குற்றம் செய்தவன் பிள்ளைக்கு வயல். கம்பி நீட்டியவன் பிள்ளைக்குக் கைச்சோறு. இந்தக் கணக்கைப் போட்ட மகான்களைக் கும்பிடத்தான் வேண்டும்.

முன்பு இன்னும் அழகு. பிரிட்டிஷ் கால நீதிமன்றங்கள் மிதாட்சரம் என்ற பழைய இந்துச் சட்ட நூலைப் புரட்டி அப்பனின் வருணத்தைக் கேட்டன. சூத்திரன் நிரந்தரமாக வைத்திருந்தவளுக்குப் பிறந்த மகனுக்குப் பங்கு உண்டு. மேல் வருணத்தானின் மகனுக்குச் சோறு மட்டும். மகளுக்கு அதுவும் கிடையாது. 1956இல் சமத்துவம் வந்தது: தாலியில்லாமல் பிறந்தால், எந்தச் சாதி அப்பனானாலும் அவன் சொத்தில் ஒன்றுமில்லை.

பஸ் ஏறியவன் எங்கே என்று கேட்கிறாயா? அவனுக்குப் பெண் பார்த்து, பத்திரிகையும் அடித்தாயிற்று. அந்தக் கல்யாணத்தில் பிறக்கப்போகிறவன்தான் முதல் வாரிசு என்று நாளைக்குத் தாசில்தார் முத்திரை குத்துவார்.