குழம்பு மீனுக்குக் கப் கிடையாது

திருச்சி கே.கே. நகரில் ஒரு கல்யாண மண்டபம். மாப்பிள்ளையும் பெண்ணும் உட்காரும் மேடையில் அன்றைக்கு ஃபைட்டர் மீன்கள், ஒவ்வொன்றும் தனி ஜாடியில். வண்ணமீன் போட்டி! நடுவர் ஒரு கையில் டார்ச், மறு கையில் முகம் பார்க்கும் கண்ணாடி. ஜாடிக்கு எதிரே கண்ணாடியைக் காட்டினார். எதிரி வந்துவிட்டான் என்று நம்பி, செவுளை விரித்து வாலைப் பரப்பியது அந்த அப்பாவி. வால் 180 டிகிரி விரிந்தால்தான் ‘ஹாஃப்மூன்’; குறைந்தால் மார்க் போச்சு. அவ்வளவு பெரிய வாலை இழுத்துக்கொண்டு ஒரு ஜாண் நீந்துவதற்குள் அதற்கு நாக்குத் தள்ளுகிறது. நீந்துவதற்குத்தான் மார்க் கிடையாதே.

அடுத்த மேஜையில் ஃபிளவர்ஹார்ன், 1990களில் மலேசியாவில் கலப்பு செய்து உண்டாக்கிய ஜாதி. மண்டை எவ்வளவு வீங்கியிருக்கிறதோ அவ்வளவு மதிப்பு. (நம் ஊர் மேடைகளுக்கு இது புதிதில்லை.) பக்கத்தில் பேரட் மீன், வாயை முழுசாக மூடவே முடியாத பிறவி. “எப்பவும் சிரிச்ச முகம்” என்று நடுவர் மெச்சினார்.

அவர் யாரென்று கேட்டேன். மீன்கடைக்காரராம். பரிசுக்குப் பணம் போட்டவரும் அவரே. கப் வாங்கிய மூன்று மீனும் அவர் கடைச் சரக்கு. வேலிக்கு ஓணான் சாட்சி என்பார்கள். இங்கே வேலியும் ஓணான்தான், தீர்ப்பு எழுதுவதும் ஓணான்தான்.

கடைசியில் ஒரு எட்டாம் வகுப்புப் பையன், கையில் ஊறுகாய் பாட்டில். உள்ளே உய்யக்கொண்டான் வாய்க்காலில் துண்டு விரித்துப் பிடித்த கெண்டை. நடுவர் டார்ச்கூட அடிக்கவில்லை. “தம்பி, இது குழம்பு மீன்ப்பா.”

ராஜராஜன் காலத்து வாய்க்கால் என்று பெருமை பேசிக்கொண்டே ஊர்ச் சாக்கடையை அதில் திறந்துவிட்டிருக்கிறோம். அந்தத் தண்ணீரில் உயிரோடு இருந்ததற்கே கெண்டைக்கு ஒரு கப் கொடுக்கலாம். ஜாடித் தண்ணீர் தெளிவா, கலங்கலா என்று குனிந்து குனிந்து பார்க்கிறவர்களில் ஒருத்தராவது வாய்க்காலை எட்டிப் பார்த்திருப்பாரா?

நாட்டு மீனுக்குப் பரிசே கிடைத்ததில்லை என்று சொல்ல மாட்டேன். மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளில் சிவப்புக் கோடு போட்டுக்கொண்டு திரிந்த ‘மிஸ் கேரளா’வுக்கு 1997இல் சிங்கப்பூர் அக்வாரமா கண்காட்சியில், புதிய இனங்கள் பிரிவில், மூன்றாம் பரிசு. அன்றைக்குப் பிடித்தது சனி. ஓடை ஓடையாக வலைபோட்டு அள்ளி விமானத்தில் ஏற்றினார்கள். 2008இல் கேரள அரசு மூன்று மாதம் பிடிக்கத் தடை போட்டது. முட்டையிடும் காலமோ பெரும்பாலும் அந்தத் தடைக்கு வெளியே! இப்போது அழியும் ஆபத்திலுள்ள இனங்களின் உலகப் பட்டியலில் அதற்கும் இடம். இப்படி ஆபத்திலுள்ள 30 நன்னீர் இனங்களில் 2005 முதல் 2012 வரை இந்தியாவிலிருந்து கப்பலேறியவை 15 லட்சத்துக்கும் மேல்.

பையன் பாட்டிலை மார்போடு அணைத்தபடி வாசலில் நின்றான். “ஆறுதல் பரிசுகூட இல்லையா சார்?”

“நல்லதாப் போச்சுடா. சீக்கிரம் கிளம்பு, யாராவது மனசு மாறிடப் போறாங்க.”