ஸ்வீடன் கடிதம்: ஆணி அடித்த பிறகு

ஸ்வீடனில் முனைவர் பட்ட ஆய்வேட்டின் பிழைகள் கண்ணில் படுவதற்கென்றே ஒரு நேரம் உண்டு. ஆய்வேட்டை ஆணியடித்து மாட்டிய பிறகு வரும் முதல் அரைமணி அது. வாய்மொழித் தேர்வுக்குச் சுமார் மூன்று வாரம் முன்பு, அச்சாகி வந்த ஆய்வேட்டின் மூலையில் துளை போட்டு, துறையில் இதற்கென்றே வைத்திருக்கும் பலகையிலோ மரக்கட்டையிலோ நிஜச் சுத்தியலால் அடித்து மாட்டுகிறார்கள். சடங்கின் பெயர் ஸ்பிக்னிங். விருப்பமுள்ள எவரும் படிக்கலாம், தேர்வு நாளில் வந்து கேள்வியும் கேட்கலாம் என்பதற்கான பொது அறிவிப்பு இது. ஆய்வேட்டை இணையக் களஞ்சியத்தில் ஏற்றும் வழக்கம் வந்த பிறகும் சுத்தியலை யாரும் கைவிடவில்லை. கணினித் துறைக்காரர் சுத்தியல் பிடிக்கும்போது மட்டும் சுற்றி நிற்பவர்கள் ஓரடி தள்ளி நிற்பது நல்லது. அடித்து முடித்ததும் காபி, கேக். கேக் இல்லாமல் இந்த நாட்டில் ஒரு நல்ல காரியமும் நடப்பதில்லை.

கேக் தட்டைக் கையில் பிடித்தபடி சக ஊழியர் ஒருவர் பிரதியைப் புரட்டுவார். பிழை அங்கேதான் மாட்டுகிறது. எழுதியவர் மாதக்கணக்கில் அதே வரிகளைப் பார்த்தவர். அவருடைய கண் தாளில் இருப்பதை விட்டுவிட்டு மனத்தில் இருப்பதைப் படித்துக்கொண்டே போய்விடும். வழிகாட்டிப் பேராசிரியருக்கும் பாதி அந்தக் கதிதான். திரையில் ஒளிந்துகொண்டிருந்ததெல்லாம் ஜி5 அளவுப் புத்தகத்தில் பளிச்சென்று தெரியும். படம் 4.3 என்று எழுதி 4.2-ஐக் காட்டியிருக்கும். வரைபட அச்சில் மைக்ரோ மில்லியாகியிருக்கும். சமன்பாட்டில் கழித்தல் குறி காணாமல் போயிருக்கும். மேற்கோள் எண் வரவேண்டிய இடத்தில் லேட்டெக் மென்பொருள் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டுச் சும்மா இருந்திருக்கும்.

இவையெல்லாம் தாங்கக்கூடியவை. நன்றியுரையில் விழும் பிழைதான் ஆபத்து, ஏனென்றால் முழு ஆய்வேட்டிலும் எல்லோரும் படிப்பது அந்தப் பகுதியை மட்டும்தான் என்பது இங்கே துறைதோறும் சொல்லப்படும் பழைய நக்கல். அதில் உண்மையும் உண்டு. கழித்தல் குறி போனது நான்கு பேருக்குத் தெரியும். சம்பளப் படிவத்தில் கையெழுத்து வாங்கித் தரும் நிர்வாக அம்மையாரின் பெயரில் 'ஓ' எழுத்தின் தலைமேல் இருக்கவேண்டிய இரண்டு புள்ளி போனால், மாடி முழுக்கத் தெரியும்.

ஆணி அடித்த புத்தகத்தை மாற்றியடிக்க வழி இல்லை. பிரிட்டனில் இந்தச் சிக்கல் வராது: அங்கே தேர்வு முடிந்த பிறகு சிறு திருத்தங்களுக்கென்று பெரும்பாலும் மூன்று மாதம் வரை தருகிறார்கள், பிழை என்பது வீட்டுப்பாடமாகிவிடும். ஸ்வீடனில் தேர்வுக்கு முன்பே புத்தகம் அச்சாகிவிடுவதால், எர்ராட்டா எனப்படும் பிழைதிருத்தத் தாள்தான் ஒரே வழி. பழைய தமிழ்ப் புத்தகங்களின் கடைசியில் பக்கம், வரி, பிழை, திருத்தம் என்று கட்டம் போட்டு வருமே, கிட்டத்தட்ட அதே பட்டியல்தான். இங்கே தனித்தாளாகச் செருகப்படுகிறது. எழுத்துப்பிழை, தவறிய எண், மாறிய படக்குறிப்பு ஆகியவை அதில் சேரும். புதிய முடிவுகளைச் சேர்க்கவோ வாதத்தைத் திருப்பி எழுதவோ அது இடமல்ல. எத்தனை வரி போடுவது என்பதில் நிதானம் வேண்டும். ஐந்தாறு வரி இருந்தால் ஆள் கவனமானவர் என்று தோன்றும். கமாக்களையெல்லாம் அள்ளிப்போட்டு மூன்று பக்கம் நீட்டினால், ஆய்வேட்டையே இன்னொரு முறை எழுதியிருக்கலாமே என்று தோன்றும்.

தேர்வு நாளில் தலைவர் அவையைத் தொடங்கிவைத்து, ஆய்வேட்டில் ஏதாவது திருத்தம் உண்டா என்று முதலில் கேட்பது வழக்கம். ஆய்வாளர் எழுந்து பக்க எண்ணோடு சொல்வார். பகல் ஒன்றேகாலுக்குத் தேர்வு தொடங்கினால், குளிர்காலத்தில் ஊரில் மாலை ஐந்தேமுக்கால். ஜூமில் குடும்பத்தோடு பார்த்துக்கொண்டிருக்கும் சித்தி, எடுத்த எடுப்பிலேயே பிள்ளை தப்பை ஒத்துக்கொள்வதைக் கேட்டுப் பதற வேண்டியதில்லை. இங்கே மதிப்பெண்ணே கிடையாது. தேர்ச்சி அல்லது தோல்வி, அவ்வளவுதான். அதைத் தீர்மானிப்பது மூன்று அல்லது ஐந்து பேர் கொண்ட குழு. தோல்வி அரிது, அதுவும் கழித்தல் குறியால் வராது. எதிர்வாதம் செய்ய வேறு பல்கலைக்கழகத்திலிருந்து வரும் ஆப்போனென்ட் தன் பங்குக்கு ஒரு பட்டியல் வைத்திருப்பதும் உண்டு. நல்ல மனிதராக இருந்தால் அதை அவையில் வாசிக்காமல், முடிந்த பிறகு கையில் கொடுத்துவிடுவார்.

பிறகு எர்ராட்டா தனிக்கோப்பாகக் களஞ்சியத்தில் ஆய்வேட்டோடு சேர்கிறது. மிஞ்சிய பிரதிகளில் தாளைச் செருகுவது ஆய்வாளரின் வேலை. ஊருக்கு வரும் பிரதியிலும் தாள் இருக்கும். அட்டையில் இனிஷியல் விரிந்து அப்பா பெயர் குடும்பப் பெயராக நிற்பதும், அதன் ஆங்கில எழுத்துக் கூட்டல் வீட்டில் எழுதுவது போல இல்லாததும் தாளில் வராது. அதற்குப் பாஸ்போர்ட் அலுவலகத்தில்தான் கேட்க வேண்டும்.